பிசிறு

எட்டு மடங்கு பெரிதாக்கினால்
எந்தக் கோடும் கோடில்லை,
கறுப்புக் கட்டைகளால் அடுக்கிய படிக்கட்டு.
அதில் ஏறி இறங்குவதற்குத்தான் சம்பளம்:
மொந்தேவிதேயோவில் ஓர் அருங்காட்சியகம்,
வெந்நீர்க்குழாய் விக்கிக்கொண்டேயிருக்கும் கீழ்த்தளம்,
நாளொன்றுக்கு நாற்பது வண்டுகள்.

வரைந்தவர் ஒண்டினா ஸ்காலியா.
சீன மை, மலிவான தாள்.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்
கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை என்று
சாம்பலுக்கு இடமே வைக்காமல்
எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு
வேறு வேலைக்குப் போய்விட்டார்.
தாள்கள் இருந்த பெட்டி
எங்கேயென்று யாருக்கும் தெரியாது.

செய்முறை எளிது, கொஞ்சம் விசித்திரம்.
கோடு வழவழப்பாக வேண்டுமானால்
முதலில் அதை மங்கலாக்க வேண்டும்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிய மாதிரி
முழு வண்டும் பனிக்குள் போகும்.
பிறகு கறுப்பை இந்தப் பக்கமிருந்தும்
வெள்ளையை அந்தப் பக்கமிருந்தும் நெருக்க நெருக்க
நடுவில் மயிரிழை சாம்பல் மிஞ்சும்.
அந்தச் சாம்பல் பொய்.
ஒண்டினா அதை வரையவில்லை.
ஆனாலும் கண் சமாதானமாகி
வளைவு என்று ஒப்புக்கொள்கிறது.

தவறாமல் இல்லை.
போன மார்ச்சில் தூசி துடைக்கும் கட்டளை
ஓர் எழுத்தின் தலைமேல் கிடந்த சிற்றலையையும்
தூசியென்று துடைத்துவிட்டது.
எங்கள் ஸ்பானிய மொழியில் அந்த அலை போனால்
ஆண்டு, ஆசனவாய் ஆகிவிடும்.
ஆண்டின் அறிக்கை அப்படியே
அமைச்சகத்துக்கு மூன்று பிரதி போயிற்று.
இரண்டு வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவர்கள் படிப்பதில்லை என்று தெரிந்துகொண்டோம்.

செவ்வாய்க்கிழமை
வாஷிங்டன் பெர்தோமோ இறங்கி வந்தான்,
சாணவண்டுகளில் முனைவர்,
அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே.
என் திரையைப் பார்த்து அழகு என்றான்.
உறிஞ்சினான்.
பிறகு நகத்தைத் திரையில் வைத்து
முன்னங்காலின் விளிம்பில் நடத்தினான்.

எத்தனை பல்?
நான்கு.
ஐந்து இருக்க வேண்டும்.

நான்கென்றால் அது வடக்கே
மாட்டுச்சாணம் உருட்டும் பயல், கோடிக்கணக்கில் உண்டு.
ஐந்தென்றால் கிழக்கே மணற்குன்றில்
நரிவிட்டையை நம்பி வாழ்வது.
வேறு வித்தியாசம் கிடையாது
அந்த ஒரு பல்லைத் தவிர.
ஒண்டினாவின் பேனாமுனைக்கும் சிறியது அது;
ஸ்கேனில் மூன்று புள்ளியாக நின்றிருக்கிறது,
இன்னொரு படியாக.
நான் படியென்று சீவினேன்.

ஒரே சொடுக்கில் ஓர் இனம், என்றான்.
குன்றின்மேல் விடுமுறை வீடு கட்டியவர்களுக்கு
முப்பது வருடம் பிடித்தது.
சிரித்தான்.
எண்பத்தொன்றுக்குப் பிறகு
ஐந்து பல்லை யாரும் உயிரோடு பார்க்கவில்லையாம்.
இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

பழைய கோப்பைத் திறந்தேன்.
காலோரம் பதினேழு படிகள்.
இதில் எது ஸ்கேனருடையது,
எது வண்டினுடையது?
எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே சதுரம்.
மாடியிலிருந்து குண்டூசியில் குத்திய வண்டையே
எடுத்துவந்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தான்.
முழங்காலை ஒட்டி, இருக்கிறதோ இல்லையோ என்று,
இருந்தது.
மூன்று புள்ளியைத் திரும்ப வைத்தேன்.
சாம்பல் பூசவில்லை.
மற்ற விளிம்பெல்லாம் வெண்ணெய்,
அங்கே மட்டும் விரல் மாட்டும்.

மாலையில் ரம்ப்லாவில் நடந்தேன்.
காற்று காதைப் பிய்த்தது.
இதை நதி என்பவர் உண்டு, கடல் என்பவரும் உண்டு.
வெளியூர்த் தம்பதி ஒன்று தடுப்புச்சுவரில் சாய்ந்து
பழுப்பு எங்கே முடிகிறது என்று
ஆளுக்கொரு இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.
நான் பஸ்ஸைப் பிடித்தேன்.

புதன்கிழமை.
முடித்துவைத்த இருநூற்றுப் பன்னிரண்டையும்
மறுபடி திறக்கிறேன்.
முதல் வண்டு, இடது கால்.
ஒன்று, இரண்டு, மூன்று,
இது தூசியா?